ஷேடு புகழேந்தியும் நீலச் செடியும்

ஆம்பூரில் ஆட்டோ பிடித்து "ஷேடு புகழேந்தி வீடு" என்றால் போதும், வாசலிலேயே கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். வெறும் புகழேந்தி என்று சொன்னால் "எந்தப் புகழேந்தி?" என்று கேட்பார்கள். நயீம் அகமது பாயின் தோல் கம்பெனியில் முப்பத்தோரு வருஷமாக அவருக்கு ஒரே வேலைதான். வேலை முடிந்து வருகிற தோலின் நிறம், வெளிநாட்டுக்காரன் அனுப்பிய மாதிரித் துண்டின் நிறத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். வடக்கு ஜன்னல் ஓரமாக நின்று, மாதிரியை இடது கையிலும் தோலை வலது கையிலும் பிடித்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்துப் பார்ப்பார். அவர் "ஓகே" என்றால் லாரி கிளம்பும். உதட்டைப் பிதுக்கினால் லாரி காலியாகத் திரும்பும். அதுவரை முதலாளி உட்பட எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அப்படி அவர்கள் நிற்பதில் அவருக்கு உள்ளூர ஒரு சுகம் உண்டு என்று சொன்னால் அவர் மறுப்பார். உண்டு.

நிறம் பார்ப்பதோடு வேலை முடிவதில்லை. பூசிய நிறம் நிற்கிறதா என்று வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்க்க வேண்டும். முதலில் ஈரமில்லாமல், அப்புறம் ஈரத்தோடு. துணியில் சாயம் ஏறினால் சரக்கு திரும்பிப் போகும். இந்தத் தேய்க்கிற வேலை எப்படியோ கையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கும் வந்துவிட்டது. மகள் பாரதியின் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கப் போன இடத்தில், கடைக்காரர் புடவையை விரித்து முடிப்பதற்குள் விரலில் எச்சில் தொட்டுத் தேய்த்துவிட்டார். கல்யாணத்தன்று மாப்பிள்ளை புது ஷூவோடு காரிலிருந்து இறங்கினார். புகழேந்தியால் பொறுக்க முடியவில்லை. குனிந்து, ஈரக் கைக்குட்டையால் ஷூவின் மூக்கில் நான்கு இழுப்பு இழுத்தார். மாப்பிள்ளை பதறிப்போய்ப் பின்வாங்கினார். சம்பந்தியம்மாளுக்கு மட்டும் ரொம்பத் திருப்தி. பெண்ணைக் கொடுத்தவர் வாசலிலேயே காலைத் தொடுகிறார் என்று நினைத்துக்கொண்டார். அந்த மரியாதைக்காகவே இன்றுவரை பாரதியை அங்கே யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. கைக்குட்டையில் கறுப்பு ஏறியிருந்ததை புகழேந்தி யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பாய் ஒரு கலர் மிஷின் வாங்கினார். தோல்மேல் வைத்து அழுத்தினால் நிறத்துக்கு எண் சொல்லும். வந்த மாதமே மிஷின் ஒரு மரக்கலர் தோலைச் சரி என்றது, புகழேந்தி சரியில்லை என்றார். வெயிலில் கொண்டுபோய்ப் பார்த்தால் தோல் சிவப்படித்தது. அன்றோடு மிஷினின் கதை முடிந்தது. அதற்கு ஒரு துணி உறை தைத்துப் போட்டார்கள், அதன்மேல் டிபன் கேரியர் வைத்தார்கள். கம்பெனியில் எல்லாருக்கும் ஒரு பழக்கம் வந்துவிட்டது. புகழேந்தி நீலம் என்றால் நீலம், பச்சை என்றால் பச்சை. அவரை மறுத்துப் பேச ஊரில் ஒரே ஓர் ஆள்தான் இருந்தாள். அவரைக் கட்டிக்கொண்டவள்.

மோகனா மறுத்துப் பேசிய பெரிய விஷயம் வீட்டின் வடக்குப் பக்கம். வீடு கட்டும்போது அந்தப் பக்கம் ஐந்தடி இடம் விட்டதே வீட்டுக்கு எடுத்து வரும் துண்டுகளை நல்ல வெளிச்சத்தில் பார்க்கத்தான். வடக்கு வெளிச்சம் நேராகக் கண்ணில் அடிக்காது, நாள் முழுக்க ஒரே மாதிரி இருக்கும். புகழேந்தி அங்கே ஒரு ஸ்டூல் போட்டு வைத்திருந்தார். மோகனா அந்த ஸ்டூலின்மேல் ஒரு பெரணித் தொட்டியை வைத்தாள். கேட்டால், வெயில் படாத இடம் வீட்டிலேயே அது ஒன்றுதான், செடிக்கு எங்கே போவேன் என்றாள். ஆறே மாதத்தில் பெரணி, மணி பிளான்ட், வண்ணச் சேம்பு என்று வடக்குப் பக்கம் முழுக்க நிழல் தோட்டமாகிவிட்டது. ஸ்டூலை மீட்கப் புகழேந்தி எடுத்த முயற்சிகள் எதுவும் பலிக்கவில்லை.

போன மே மாதம் குன்னூரில் இருக்கும் பாரதியைப் பார்க்கப் போன மோகனா, திரும்பும்போது பஸ்ஸில் ஒன்பது மணி நேரம் மடியிலேயே வைத்துக்கொண்டு ஒரு செடியைக் கொண்டுவந்தாள். ஹோஸ்டா என்று பெயர். தொட்டி உள்ளங்கை அகலம். இலைகள் எலியின் காது அளவு, தடிப்பாக, வட்டமாக, ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு. நிறம் நீலம். பூ நீலமாக இருக்கும் செடி ஊரில் எத்தனையோ உண்டு, இலையே நீலமாக இருக்கும் செடியை ஆம்பூர் அதுவரை பார்த்ததில்லை.

நர்சரிக்காரர் அவளிடம் மூன்று விஷயம் சொல்லி அனுப்பியிருந்தார். வெயிலைக் காட்டாதீர்கள், உப்புத் தண்ணீர் ஊற்றாதீர்கள், இலையைத் தொடாதீர்கள். கறுப்பு திராட்சை மேல் சாம்பல் மாதிரி ஒரு பூச்சு இருக்குமே, அந்த மாதிரிதான் இந்த நீலமும், கை பட்டால் போய்விடும் என்றாராம்.

முதல் விஷயத்துக்கு வடக்குப் பக்கம் இருந்தது. இரண்டாவதுதான் ஆம்பூரில் பெரிய சோதனை. போர் தண்ணீரில் குளித்தால் மனிதனுக்கே முடி கொட்டுகிற ஊர். கேன் தண்ணீரை ஊற்றிப் பார்த்தாள், புகழேந்தி "செடிக்கு மினரல் வாட்டரா? நாளைக்கு ஸ்ட்ராவும் கேக்கும்" என்றார். அப்போதுதான் பக்கத்து வீட்டு ஹெலன் டீச்சரின் ஏசி பைப் சுவரோரம் சொட்டிக்கொண்டிருந்தது கண்ணில் பட்டது. ஏசியிலிருந்து வரும் தண்ணீரில் உப்பு கிடையாது. மோகனா அதன்கீழ் ஒரு பக்கெட் வைத்தாள். அன்றிலிருந்து ஹோஸ்டாவின் பிழைப்பு ஹெலன் டீச்சரின் தூக்கத்தில் இருந்தது.

மழை பெய்து ஊர் குளிர்ந்த நாட்களில் மோகனா காம்பவுண்டு சுவருக்கு மேல் தலையை நீட்டுவாள். "டீச்சர், இன்னாத்துக்கு இவ்ளோ சிக்கனம்? மத்தியானம் ஒரு மணி நேரம் ஏசி போட்டுட்டு படுங்க."

"குளுருது மோகனா. கம்பளி போத்திக்கிட்டு ஏசி போட சொல்றியா?"

"செடி ரெண்டு நாளா பட்டினி டீச்சர்."

ஹெலன் டீச்சர் அரசுப் பள்ளியில் முப்பது வருஷம் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். ஓர் உயிர் பட்டினி என்றதும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஏசியைப் போட்டுவிட்டார். நத்தைக்கும் ஒரு வழி செய்தார்கள். மழை விட்டதும் அவை எங்கிருந்தோ மோப்பம் பிடித்து அந்தச் செடியைத்தான் தேடி வரும். முட்டை ஓட்டை நொறுக்கித் தொட்டியைச் சுற்றிப் போட்டாள் மோகனா. அப்படியும் தாண்டி வந்த நத்தைகளைப் பொறுக்கிக் கவரில் போட்டு, காலையில் கம்பெனிக்குப் போகும் புகழேந்தியிடம் கொடுத்தாள். அவர் பாலாற்றுப் பாலத்தில் ஸ்கூட்டரை நிறுத்தி அவற்றைக் கீழே இறக்கிவிட்டுப் போனார். கௌரவமான ஒரு குவாலிட்டி இன்ஸ்பெக்டர் தினமும் பாலத்தில் நின்று என்னத்தைக் கொட்டுகிறார் என்று போலீஸ்காரர் ஒருவர் ஒருநாள் விசாரிக்கக்கூடச் செய்தார்.

இவ்வளவும் செய்தார். ஆனால் ஒன்றை மட்டும் புகழேந்தி ஒத்துக்கொள்ளவில்லை. செடி நீலம் என்பதை.

"பச்சைதான். கொஞ்சம் மங்கின பச்சை" என்றார், வந்த அன்றே.

"உங்களுக்கு இன்னா ஆச்சு? ஊரே பாத்து நீலம்னு சொல்லுது."

"ஊருக்கு இன்னா தெரியும்? நான் முப்பத்தோரு வருஷமா கலர் பாக்குறவன். லேபிள்ல நீலம்னு போட்டா நீலமா? உன்ன ஏமாத்திட்டான்."

ஜூன் முழுக்க இந்தச் சண்டை ஓடியது. சாப்பாடு பரிமாறும்போது, டிவி பார்க்கும்போது, ஒருமுறை பாரதி போனில் இருக்கும்போதே. அவள் வீடியோவில் செடியைக் காட்டச் சொல்லிப் பார்த்து "நீலம்தான்பா" என்றாள். போனில் எல்லாமே நீலமாகத்தான் தெரியும் என்று சொல்லிவிட்டார் புகழேந்தி.

ஜூலையில் ஒரு திங்கட்கிழமை. பாயின் கம்பெனியில் நாற்பது கட்டு நீலத் தோல் தயாராக இருந்தது, வெளிநாட்டில் பெண்கள் ஷூ தைக்கிற கம்பெனிக்கு. வெள்ளிக்கிழமை சென்னைத் துறைமுகத்துக்கு லாரி. புகழேந்தி ஜன்னலோரம் நின்று பார்த்து, தலையைச் சாய்த்து, "ஓகே" என்று சொல்லி, தாளில் 'நிறம் பார்த்தவர்' என்று அச்சடித்திருந்த கோட்டின்மேல் கையெழுத்துப் போட்டார். சோதனை லேப்பில் புதிதாகச் சேர்ந்த விஜயகுமாரி என்ற பெண் விவரம் தெரியாமல் டிபன் கேரியரை நகர்த்திவிட்டு மிஷினை எடுத்து வைத்துப் பார்த்துவிட்டாள். பாதிக்குமேல் ஓர் எண்ணும் மீதிக் கட்டுக்கு வேறு எண்ணும் வந்தன. பயந்துபோய் பாயிடம் காட்டினாள்.

பாய் சிரித்தார். "பொட்டிக்கு கண்ணு இருக்குதாம்மா? புகழு பாத்துட்டான்ல, விடு."

புகழேந்தியும் சிரித்தார். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, நிறம் என்பது எண்ணில் இல்லை, கண்ணில் இருக்கிறது என்று கால் மணி நேரம் விளக்கினார். அவள் குறிப்பு எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வீட்டில் மறுபடியும் அதே வழக்கு. மோகனா டீ கொடுக்கும்போது, "நீலச்செடியில புது இலை வந்துருக்கு" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். நேற்று மிஷினை ஜெயித்த தெம்பில் இருந்த புகழேந்திக்கு அது பொறுக்கவில்லை. இன்றைக்கு இதை முடித்துவிடுவது என்று எழுந்தார். பையிலிருந்து வெள்ளைத் துணியை எடுத்தார். வடக்குப் பக்கம் போய், சுற்றுமுற்றும் பார்த்து, இருப்பதிலேயே பெரிய இலையைக் கீழே இரண்டு விரலால் தாங்கிக்கொண்டு, மேலே துணியால் நேர்கோடாகப் பத்து இழுப்பு இழுத்தார். முறைப்படி ஐந்து ஈரமில்லாமல், ஐந்து ஈரத்தோடு. துணியைத் தூக்கிப் பார்த்தார். சுத்த வெள்ளை. ஒரு பொட்டு நீலம் இல்லை.

"மோகனா! இங்க வா! துணியில நீலம் ஏறிச்சா பாரு. இருந்தாத்தானே ஏறும்!"

கையில் கரண்டியோடு வந்த மோகனா துணியைப் பார்க்கவில்லை. செடியைப் பார்த்தாள். பார்த்த இடத்திலேயே நின்றுவிட்டாள்.

"அய்யோ, இன்னா பண்ணிட்டீங்க? நடு இலையில பச்சையா கோடு போட்டு வச்சிருக்கீங்களே!"

"எங்க கோடு?"

"இதோ, இவ்ளோ பட்டையா! நீலத்த வழிச்சு எடுத்துட்டு எங்கன்னு வேற கேக்குறீங்களா?"

புகழேந்தி குனிந்தார். தேய்த்த இடம் கொஞ்சம் பளபளப்பாக இருந்தது. அவ்வளவுதான். "இது பளபளப்பு. பினிஷ்ல வித்தியாசம். கலர்ல இல்ல. கலர் ஒண்ணுதான்" என்றார், கம்பெனியில் பேசுகிற அதே குரலில்.

சத்தம் கேட்டு ஹெலன் டீச்சர் சுவருக்கு மேல் தலையை நீட்டினார். டீச்சர் நின்ற இடத்துக்கும் செடிக்கும் ஐந்தாறு அடி இருக்கும். "அச்சச்சோ, மோகனா, இலையில இன்னா பச்சைக் கோடு?" என்றார்.

புகழேந்தி மறுபடியும் குனிந்தார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், போட்டுப் பார்த்தார். தலையைச் சாய்த்தார். ஒன்றும் இல்லை. ஒரே நிறம்.

டீச்சர் அங்கிருந்தபடியே பாடம் நடத்தினார். அது சாயம் இல்லை, மெழுகுப் பொடி, வெளிச்சம் அதில் பட்டுச் சிதறும்போதுதான் நீலமாகத் தெரிகிறது, அதனால்தான் துணியில் எதுவும் ஏறவில்லை என்றார். புகழேந்தி எதையும் காதில் வாங்கவில்லை. அடுத்து டீச்சர் சொன்னதுதான் உள்ளே போய் இறங்கியது.

"சார், கோபப்படாதீங்க. எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. எங்க வீட்டு சுவர் சந்தனக் கலர்னே நெனச்சிக்கிட்டு இருந்தேன். கண்ணுல புரை எடுத்தப்புறம் பாக்குறேன், சுத்த வெள்ளை. புரை வந்தா மொதல்ல நீலம்தான் மங்கும்னு டாக்டர் சொன்னாரு."

"எனக்கு கண்ணு நல்லாத்தான் இருக்கு டீச்சர்" என்றார் புகழேந்தி. சொல்லிவிட்டு உள்ளே போய் டிவியைப் போட்டார். டிவியில் என்ன ஓடியது என்று கேட்டால் அவரால் சொல்லியிருக்க முடியாது.

மறுநாள் புதன்கிழமை கம்பெனியில் யாருக்கும் தெரியாமல் அந்த நாற்பது கட்டில் எட்டுக் கட்டிலிருந்து எட்டுத் துண்டு வெட்டிக்கொண்டார். பின்பக்கம் பென்சிலால் கட்டின் எண்ணை எழுதினார். வெட்டிக்கொண்டிருக்கும்போது அங்கே வந்த மேஸ்திரி சம்பத்திடம், சும்மா கேட்கிறவர்போல "இந்த ரெண்டும் ஒண்ணா இருக்குதா சம்பத்து?" என்றார். சம்பத் துண்டைப் பார்க்கவே இல்லை, அவர் முகத்தைப் பார்த்தார். "நீங்க ஓகே பண்ணா ஓகேதான் சார்" என்றார். இன்னும் இரண்டு பேரைக் கேட்டார். ஆளுக்கு ஒரு "ஆமா சார்" கொடுத்தார்கள். இத்தனை வருஷமாக அந்தச் சொல் அவருக்கு எவ்வளவு இனித்ததோ அன்றைக்கு அவ்வளவு கசந்தது.

சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே மோகனாவை வடக்குப் பக்கம் கூப்பிட்டார். எட்டுத் துண்டையும் பெரணித் தொட்டியைச் சுற்றிப் பரப்பினார். "சும்மா ஒரு விளையாட்டு. இதுல எது எது ஒரே கலர்?"

நேற்றுப் போட்ட கோட்டுக்கு மோகனா இன்னும் அவரை மன்னிக்கவில்லை. இருந்தாலும் குனிந்து பார்த்தாள். யோசிக்கவே இல்லை, கீரை ஆய்வதுபோல் பிரித்துப் போட்டாள். "இந்த அஞ்சும் நம்ம செடி மாதிரி. இந்த மூணும் நீங்க தேச்ச கோடு மாதிரி."

அவர் துண்டுகளைக் கலைத்தார். திரும்பவும் பிரிக்கச் சொன்னார். பிரித்தாள். பின்பக்கம் திருப்பினார். அதே ஐந்து, அதே மூன்று. இன்னொரு தடவை கலைத்தார். "அடுப்புல குழம்பு இருக்குங்க" என்று சொல்லிக்கொண்டே மறுபடியும் சரியாகப் பிரித்துவிட்டுப் போனாள். அந்த மூன்றும் விஜயகுமாரி மிஷினில் பார்த்து வேறு எண் என்று காட்டிய கட்டுகள்.

புகழேந்தி பெரணிக்கும் ஹோஸ்டாவுக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் கையெழுத்தில் வெள்ளிக்கிழமை இரண்டு விதமான நீலம் கப்பல் ஏறப்போகிறது. இடது கால் ஒரு நிறம், வலது கால் ஒரு நிறமாக எங்கோ ஒரு நாட்டில் பெண்கள் நடக்கப் போகிறார்கள். சரக்கு திரும்பி வரும், பாயின் பெயர் போகும். சொல்லிவிட்டாலோ, போவது தன் பெயர். கண் தெரியாதவனுக்கு ஷேடு பார்க்கிற இடத்தில் என்ன வேலை? தோல் பதனிடத் தெரியாது, ஸ்ப்ரே அடிக்கத் தெரியாது, மிஷின் ஓட்டத் தெரியாது. பார்க்க மட்டும்தான் தெரியும். பார்வையைக் கழித்துவிட்டால் ஷேடு புகழேந்தியில் மீதி என்ன இருக்கும் என்று நினைத்தார். ரொம்ப பயந்துபோனார்.

மோகனா அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தாள். துண்டுகளையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. எதிரில் உட்கார்ந்தாள்.

"கம்பெனி சரக்கா?"

தலையை ஆட்டினார்.

"பாய்கிட்ட சொல்லிடுங்க."

"சொன்னா இன்னா ஆவும் தெரியுமா?"

"சொல்லலன்னா இன்னா ஆவும்னும் தெரியும். நீங்க தப்பா ஒரு கையெழுத்து போட்டுட்டு வீட்ல வந்து சோறு துன்னுவீங்களா? உங்களால முடியாது. ஒரு வாரம் வயிறு சரியில்லன்னு மோர்லயே ஓட்டுவீங்க, நான்தான் பேஜாரு படணும்."

வியாழக்கிழமை காலை பாயின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். இரண்டு துண்டை மேஜைமேல் வைத்தார். "பாய், இது ரெண்டும் வேற கலர். எனக்கு தெரியல. வேறன்னு சொல்றாங்க. என் கண்ணுல புரை. திங்கக்கிழமை போட்ட கையெழுத்து தப்பு" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். வரும் வழியில் பாலத்தில் நின்று, நத்தைகளை இறக்கிவிட்டு, இதை நான்கு தடவை சொல்லிப் பார்த்திருந்தார்.

பாய்க்கு எழுபது வயது. துண்டுகளை எடுத்து ஜன்னலுக்குப் போனார். திருப்பினார், தள்ளிப் பிடித்தார், கிட்டத்தில் பிடித்தார். "ஒண்ணாத்தானே இருக்குது புகழு?" என்றார். பிறகு அவர் முகம் மாறியது. "அப்ப எனக்கும் தெரியலயா?"

இரண்டு பெரிய மனிதர்கள், ஊரின் பாதித் தோலுக்கு நிறம் சொன்னவர்கள், கையில் ஆளுக்கொரு துண்டோடு ஜன்னலோரம் நின்றார்கள்.

"வேறன்னு யாரு சொன்னது? அந்தப் பொட்டியா?"

"பொட்டியும் சொல்லிச்சு. என் சம்சாரமும் சொன்னா."

"பொட்டிய நம்பி நான் லாரிய நிறுத்த மாட்டேன். இங்க இருக்குறவனுங்க எவனும் நீ சொன்னதுக்கு மேல வாயத் தொறக்க மாட்டான். உன்ன எதுத்து பேசுற ஆளு வேணும்." பாய் போனை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "வீட்டம்மாவ வரச் சொல்லு."

மோகனா ஆட்டோவில் வந்து இறங்கினாள். ஒரு கையில் விரித்த குடை. குடை அவளுக்கு இல்லை. இன்னொரு கையில் இருந்த ஹோஸ்டாத் தொட்டிக்கு. வெயில் சுளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. அவள் நெற்றியிலிருந்து வியர்வை வழிய, செடி நிழலில் சொகுசாக வந்தது. வாட்ச்மேன் ரிஜிஸ்டரில் என்ன எழுதுவது என்று தெரியாமல் 'விசிட்டர் ஒன்று, செடி ஒன்று' என்று எழுதிக்கொண்டார்.

"செடி இன்னாத்துக்கு?" என்றார் புகழேந்தி பல்லைக் கடித்துக்கொண்டு.

"பின்ன? எத வச்சு பாக்குறது? எனக்கு உங்க மாதிரி நம்பர் எல்லாம் தெரியாது. இலை தெரியும், கோடு தெரியும்."

வடக்கு ஜன்னல் ஓரத்து மேஜையில் செடியை வைத்தாள். ஏசி ஓடிக்கொண்டிருந்த அறை. இரண்டு மாதமாக ஆம்பூர் வெக்கையில் கிடந்த செடிக்கு அப்போதுதான் குன்னூர் ஞாபகம் வந்திருக்கும். அவருடைய நாற்காலியில் அவளை உட்காரச் சொன்னார்கள். கொஞ்சம் கூச்சப்பட்டாள், அப்புறம் புடவையைச் சரிசெய்துகொண்டு நன்றாகவே உட்கார்ந்தாள். சம்பத்தும் மற்றவர்களும் கதவோரம் வந்து நின்றார்கள். புகழேந்தி ஒவ்வொரு கட்டாகப் பிரித்து, மேல் தோலைத் தூக்கி அவள் முன்னால் பிடித்தார்.

"இலை" என்றாள்.

அடுத்த கட்டு.

"இலை."

அடுத்தது.

"கோடு."

முதல் "கோடு" விழுந்தபோது கதவோரத்தில் ஒரு சலசலப்பு. விஜயகுமாரி மிஷினை வைத்துப் பார்த்து, மெதுவாகத் தலையை ஆட்டினாள். நாற்பது கட்டையும் தூக்கிக் காட்டி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. இருபத்து மூன்று இலை, பதினேழு கோடு. ஒரு கட்டில் மட்டும் மோகனா தயங்கினாள். வெளியில் மேகம் விலகும்வரை காத்திருந்து, "கோடு" என்றாள். மிஷினும் அதையே சொன்னது. மேகத்துக்காகக் காத்திருந்ததைப் பார்த்ததும் பாய் புகழேந்தியைத் திரும்பிப் பார்த்தார். அதை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை.

புகழேந்திக்குக் கை வலித்தது. ஆரம்பத்தில் முகம் சுருங்கிப்போய் இருந்தவருக்கு, பத்தாவது கட்டுக்குமேல் என்னவோ லேசாகிக்கொண்டே வந்தது. இருபதாவது கட்டில் அவரே, "நல்லா பாரு, அவசரப்படாத" என்றார். முப்பதாவதில் தோலை அவள் பக்கம் சாய்த்துப் பிடித்து, எப்படிப் பிடித்தால் வெளிச்சம் சரியாக விழும் என்று காட்டினார். அவள் மேல் அவருக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்க வழி தெரியாமல் சம்பத்தைத் திட்டினார். "இன்னா வேடிக்கை? கட்டத் தூக்கு!"

பாய் துறைமுகத்துக்குப் போன் போட்டு இருபத்து மூன்று கட்டு மட்டும் இப்போது, மீதி பத்து நாளில் என்று பேசி முடித்தார். பிறகு வேலூரில் கண் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். "ரெண்டு பேரு" என்றார். "எனக்கு ஒண்ணு, அவனுக்கு ஒண்ணு. ஒரே நாள்ல குடுங்க, கார் ஒண்ணு போதும்." டாக்டர் என்னென்ன செய்யக்கூடாது என்று சொன்னதைக் கேட்டுத் திரும்பிச் சொன்னார்: "புகழு, ஆபரேஷன் ஆயிட்டா ஒரு மாசம் கண்ணத் தேய்க்கவே கூடாதாம். உன்னால ஆவுமா?"

"கைய கட்டிப் போட்டுடுறேன் பாய்" என்றாள் மோகனா.

லாரி ஏறும் இருபத்து மூன்று கட்டுக்குப் புதிய தாளைக் கொண்டுவந்து விஜயகுமாரி நீட்டினாள். புகழேந்தி முதலில் திங்கட்கிழமைத் தாளை எடுத்து, தன் கையெழுத்தின்மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். புதிய தாளில் 'நிறம் பார்த்தவர்' என்ற இடத்துக்கு வந்ததும் பேனாவை மோகனா பக்கம் நீட்டினார்.

அவள் நாற்காலியிலிருந்தே எழுந்துவிட்டாள். "அய்ய, எனக்கு இன்னாத்துக்குங்க? உங்க பேரே போடுங்க. எப்பவும் அதுதானே."

"நான் எங்க பாத்தேன்?" என்றார் புகழேந்தி. "நீதானே பாத்த."

அவள் பாயைப் பார்த்தாள். பாய் தலையை ஆட்டினார். மோகனா பேனாவை வாங்கி, புடவைத் தலைப்பில் விரலைத் துடைத்துக்கொண்டு, கோட்டுக்கு வெளியே போய்விடாமல் ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள்.